தடித்த ஸ்லாப் எழுத்து: வேலூர் வட்டாரத்துக் கடைக்காரர்களும் டிசைனர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைக்குப் புதிதாகப் பெயர்ப்பலகை வைக்கிறவர்கள், அரிசி மில்லுக்குப் பை அடிக்கிறவர்கள், ஆம்பூர் பக்கம் தோல் பொருளுக்கு முத்திரை செய்கிறவர்கள், டிசைன் வேலைக்கு இப்போதுதான் வந்திருக்கும் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் கேட்பவை இவை. ஆங்கிலத்தில் கட்டை கட்டையாக, காலை அகல ஊன்றி நிற்கும் அந்தக் கனத்த எழுத்து எல்லாருக்கும் பிடித்துப்போகிறது. எனக்கும் அது மிகவும் பிடித்த எழுத்து. அதைப் பொருந்தாத இடத்தில் போட்டு, பக்கத்தில் இருக்கும் தமிழையும் சோகையாக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காடு முழுவதையும் மனதில் வைத்து எழுதியது.

ஸ்லாப் எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்? பார்த்ததும் எப்படித் தெரிந்துகொள்வது?

ஆங்கில எழுத்தில் கோடு முடியும் இடத்தில் குறுக்கே ஒரு சிறு கோடு இருக்கும். அதற்கு செரிஃப் என்று பெயர். புத்தகங்களில் வரும் டைம்ஸ் போன்ற எழுத்தில் அது மெல்லியதாக, நுனி கூர்ந்து இருக்கும். ஸ்லாப் எழுத்தில் அதே குறுக்குக்கோடு செங்கல் வைத்தது போலச் சதுரமாக இருக்கும். கனமும் ஏறக்குறைய எழுத்தின் தண்டு, அதாவது நிற்கும் கோடு, அளவுக்கு வரும். ஆங்கிலத்தில் 'ஐ' (I) என்ற பெரிய எழுத்தைப் பாருங்கள்: மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, நடுவில் ஒரு தூண். அவ்வளவுதான் அடையாளம்.

தெருவில் நிற்கும் ஹோண்டா வண்டியின் பெயரைப் பாருங்கள். டிவியில் சோனி என்ற பெயரைப் பாருங்கள். அமெரிக்க டிசைனர் பால் ராண்ட் வரைந்து, பிறகு கோடு கோடாகப் பிரித்த ஐபிஎம் கணினி நிறுவனத்தின் எழுத்தும் இந்த வகைதான்.

தடித்த ரகத்தில் இன்னொன்றும் சேரும். எழுத்தின் உள்ளே விடும் வெள்ளை மிகவும் சுருங்கிவிடும். 'ஏ', 'ஆர்', 'பி' போன்ற பெரிய எழுத்துகளின் வயிற்றில் ஒரு சிறு துளைதான் மிஞ்சும். இந்த எழுத்தின் அழகும் ஆபத்தும் அந்தத் துளையில்தான் இருக்கின்றன. கீழே வரும் பல பதில்கள் அதைச் சுற்றியே போகும்.

கிளாரெண்டன், ராக்வெல், ஈஜிப்ஷியன் என்று பல பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றா?

ஒரே வகையின் கிளைகள். ஈஜிப்ஷியன் எனப்படும் பழைய ரகத்தில் பட்டை தண்டோடு நேர் மூலையாக ஒட்டும். கிளாரெண்டனில் பட்டையும் தண்டும் சேரும் இடத்தில் சிறு வளைவு இருக்கும், கனத்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் கொஞ்சம் வித்தியாசமும் இருக்கும். அதனால் முகம் சற்று இளகித் தெரியும். 1929இல் வந்த மெம்ஃபிஸ், 1934இல் வந்த ராக்வெல் போன்றவை அளவுகோலும் காம்பஸும் வைத்து வரைந்த மாதிரி இருக்கும். அவற்றில் 'ஓ' ஏறக்குறைய முழு வட்டம். டைப்ரைட்டர் எழுத்தான கூரியர்கூட ஸ்லாப்தான், ஆனால் மெலிந்தது, பலகைக்கு உதவாது.

என் ருசிப்படி சொன்னால், இரும்புக் கடை, அரிசி மண்டி, சிமெண்ட் டீலர் என்றால் மூலை நேராக வரும் ஈஜிப்ஷியன். பேக்கரி, ஓட்டல், புத்தகக் கடை என்றால் கிளாரெண்டன். ராக்வெல் வகை கணினிப் பயிற்சி நிலையத்துக்கும் லேப்புக்கும் நன்றாகப் பொருந்தும்.

இது எப்போது வந்தது? எதற்காக இப்படிக் கனமாகச் செய்தார்கள்?

வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலையில். அதற்குப் பத்து ஆண்டு போலக் கழித்து, 1815-17 வாக்கில், லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் தன் மாதிரிப் புத்தகத்தில் 'ஆன்டிக்' என்ற பெயரில் ஓர் எழுத்தைக் காட்டினார். அச்சுக்கு வந்த முதல் ஸ்லாப் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள்.

அதுவரை அச்செழுத்து என்றால் பெரும்பாலும் புத்தகத்துக்கு. கையில் வைத்து, ஓர் அடி தூரத்தில் படிக்கிற எழுத்து. அந்த நேரத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைச் சரக்கு குவிகிறது, லாட்டரி நடக்கிறது, நாடகக் கொட்டகைகள் போட்டி போடுகின்றன. எல்லாருக்கும் சுவரில் ஒட்டும் நோட்டீஸ் வேண்டும், தெருவில் போகிறவனை அது நிறுத்த வேண்டும். முதலில் என்ன செய்தார்கள் என்றால், புத்தக எழுத்தின் நெடுக்குக்கோட்டை மட்டும் மிகவும் தடிக்க வைத்தார்கள். குறுக்குக்கோடு முடி போல மெலிந்தே இருந்தது. கிட்டத்தில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். எட்ட நின்று பார்த்தால் மெல்லிய கோடெல்லாம் மறைந்து, வெறும் தூண்கள் வரிசையாக நிற்பது மட்டும் தெரியும். ஈயத்தில் வார்த்த அந்த மெல்லிய கோடு சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

ஸ்லாப் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. மெல்லிய கோட்டையும், முனையில் வரும் குறுக்குக்கோட்டையும் சேர்த்தே தடிக்க வைத்துவிட்டார்கள். எதுவும் மறையாது, எதுவும் எளிதில் உடையாது. இந்த எழுத்தின் குணம் முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தது. தூரத்துக்காகவும் முரட்டு அச்சுக்காகவும் செய்த எழுத்து அது. இருநூறு ஆண்டு கழித்தும் அதே இரண்டு வேலையில்தான் அது நன்றாக நிற்கிறது.

ஈஜிப்ஷியன் என்ற பெயருக்கு ஒரு காரணம் உண்டு. நெப்போலியன் 1798இல் எகிப்துக்குப் படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் தலைக்கேறியிருந்தது. விற்பனைக்காக எழுத்துக்கும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. எகிப்தியர்களின் எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

1845இல் ராபர்ட் பெஸ்லியின் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகம் கிளாரெண்டனைக் கொண்டுவந்தது. அச்சை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அகராதியில் தலைச்சொல்லை மட்டும் கனமாகக் காட்ட உதவும் எழுத்து அது. பதிவு செய்து மூன்று ஆண்டு உரிமையும் வாங்கினார்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் நகல் எடுத்துவிட்டன.

பெரிய அளவுக்கு ஈயம் ஒத்துவரவில்லை. கனம் அதிகம், விலை அதிகம், ஆறும்போது முகம் சமமாகவும் வராது. 1827இல் அமெரிக்காவில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்தை இயந்திரத்தில் குடைந்து எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபைச் சேர்த்தார். ஒரு மாதிரியை வரைந்துவிட்டால் வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி வெட்டலாம். போஸ்டர் எழுத்து அடிக்கணக்கில் வளர்ந்தது அப்படித்தான்.

இதைப் பார்த்தாலே கௌபாய் படம் ஞாபகம் வருகிறதே, ஏன்?

அது ஸ்லாப்பின் ஒரு தனிக் கிளை. 1821இல் லண்டனில் காஸ்லன் அண்ட் கேதர்வுட் வார்ப்பகம் 'இத்தாலியன்' என்ற விசித்திர எழுத்தைக் காட்டியது: தண்டு மெலிவு, மேலும் கீழும் உள்ள பட்டை மகா கனம். அந்த வழியில் வந்த பிரெஞ்சு கிளாரெண்டன் ரகங்கள் அமெரிக்க மர எழுத்தில் பரவி, சர்க்கஸ் நோட்டீசிலும் தேடப்படும் குற்றவாளி போஸ்டரிலும் நம் மனதில் பதிந்துவிட்டன. பிளேபில் என்ற எழுத்து இந்த ரகம். பிரியாணிக் கடைக்கு இதைக் கேட்கிறவர்கள் உண்டு. ஆம்பூர் பிரியாணிக்கும் டெக்சாசுக்கும் என்ன உறவு? நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாதாரண ஈஜிப்ஷியனில் இந்தச் சிக்கல் வராது.

எந்த வேலைக்கு இதை முதலில் எடுப்பீர்கள்?

முதலில் அரிசிப் பை. ஆரணி பக்கம் மில்லில் இருந்து வரும் நெய்த பிளாஸ்டிக் சாக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டை பட்டையாகப் பின்னிய துணி அது. பரப்பு சமமாக இருக்காது. அதன் மேல் ரப்பர் அல்லது பாலிமர் பிளேட் வைத்து அழுத்தி அச்சடிக்கிறார்கள். மெல்லிய கோடு பின்னலின் பள்ளத்தில் விழுந்தால் அறுந்துபோகும். மை கொஞ்சம் பரவும். இந்த இரண்டையும் தாங்குவதற்கு ஸ்லாப்பை விடப் பொருத்தமான ஆங்கில எழுத்து எனக்குத் தெரியவில்லை. கோடு பின்னலை விட அகலமாக இருப்பதால் அறுபடாது. பட்டைக்கால் இருப்பதால் ஓரம் கொஞ்சம் சிதறினாலும் எழுத்தின் உருவம் மாறாது. மூட்டையை அடுக்கும்போது பை உப்பி வளையும். அப்போதும் அரிசி ரகத்தின் பெயர் படிக்கக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மை பரவும் என்பதால், எழுத்தின் வயிற்றில் உள்ள வெள்ளை இன்னும் சுருங்கும். அதனால் மிகத் தடித்த ரகத்துக்கு ஒரு படி கீழே உள்ள கனத்தை எடுங்கள். அச்சில் அது தானே தடித்துக்கொள்ளும். மேலே பளபளப்பான படலம் ஒட்டி, பல வண்ணத்தில் வரும் பைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து தோல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பாலாற்றுப் பக்கமே தோல் தொழில். பர்சிலும் பெல்ட்டிலும் ஷூவின் உள்பக்கத்திலும் பெயரைச் சூடான பித்தளை அச்சால் அழுத்துகிறார்கள். தோலின் மணி மணியான பரப்பில் மெல்லிய செரிஃப் காணாமல் போகும். ஸ்லாப் நிற்கும். ஆனால் பட்டையின் மூலை மிகக் கூர்மையாக இருந்து, அழுத்தமும் கூடிவிட்டால் மெல்லிய தோலில் வெட்டு விழும். அச்சு செய்யக் கொடுக்கும் முன் மூலைகளை ஒரு துளி மழுக்கிக் கொடுங்கள். எழுத்துக்கு இடையில் வழக்கத்தை விட அதிக இடம் விடுங்கள். இரண்டு பள்ளத்துக்கு நடுவில் இருக்கும் தோல் மேலெழும்பி நிற்க இடம் வேண்டும்.

அப்புறம், குடியாத்தம் தீப்பெட்டி லேபிள். சின்னப் பரப்பு, ஒற்றைச் சொல் பெயர், மலிவுக் காகிதம். இங்கே ஸ்லாப் அழகாக உட்காரும். கீழே பொடி எழுத்தில் வரும் முகவரிக்கு மட்டும் வேறு எழுத்து.

விலை எண்ணும் இதற்குச் சரியான இடம். தள்ளுபடி போஸ்டரில் வரும் எண்கள் ஸ்லாப்பில் வரும்போது தனிக் கம்பீரம் வருகிறது. ஒரு எச்சரிக்கை: ரூபாய்க் குறியான ₹ நடைமுறைக்கு வந்தது 2010இல். அதற்கு முன் செய்த பல எழுத்துருக்களில் அது இருக்காது. கணினி தானாக வேறு மெல்லிய எழுத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடும். எண் கனமாகவும் குறி நோஞ்சானாகவும் நிற்கும். குறி இருக்கிறதா என்று முதலிலேயே தட்டிப் பாருங்கள்.

எதற்கு எடுக்கவே மாட்டீர்கள்?

மருந்துச் சீட்டு, விதிமுறை, மெனுவின் உள்பக்கம், பில்புக்கின் கட்டங்கள். இருபது பாயிண்டுக்குக் கீழே மிகத் தடித்த ஸ்லாப்பைக் கொண்டுபோனால் வயிற்றுத் துளை அடைபட்டு எழுத்து கறைபோல் ஆகிவிடும். இரண்டு வரிக்கு மேல் ஓடும் எதற்கும் வேண்டாம். பத்து இலக்க கைபேசி எண்ணையும் இதில் போடாதீர்கள், அகலம் தின்றுவிடும். கல்யாணப் பத்திரிகைக்கும் வேண்டாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வேண்டவே வேண்டாம், இந்த எழுத்துக்கு மெல்லப் பேசத் தெரியாது.

தமிழிலும் இதே மாதிரி கால் வைத்து எழுதித் தர முடியுமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். வரைய முடியும். வரையக் கூடாது என்பது என் கருத்து. காரணம் அழகு சம்பந்தப்பட்டது இல்லை, படிப்பது சம்பந்தப்பட்டது.

ஆங்கில எழுத்தின் காலடியில் பட்டை வைத்தாலும் எடுத்தாலும் எழுத்து மாறாது. பட்டை வைத்த 'ஐ'யும் ஐதான், வைக்காத 'ஐ'யும் ஐதான். தமிழில் காலடி அப்படிச் சும்மா கிடக்கிற இடமில்லை. துணைக்காலையும் ரகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: ா, ர. இரண்டையும் பிரிப்பது ரகரத்தின் காலடியில் சாய்ந்து வரும் சின்னக் கோடு ஒன்றுதான். அழகுக்காகத் துணைக்காலின் அடியில் ஒரு பட்டையை வைத்தால் அது ரகரமாகப் படிக்கப்படும். 'காடு' என்று எழுதியது 'கரடு' ஆகும். 'பாவை' 'பரவை' ஆகும். 'நாகம்' என்று போட்டால் 'நரகம்' என்று படிப்பார்கள். நாகம்மன் கோயில் நோட்டீசில் இப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடுத்தது எ, ஏ. குறிலையும் நெடிலையும் பிரிப்பது மறுபடியும் காலடியில் இறங்கும் ஒரு கோடு. எகரத்துக்குப் பட்டைக்கால் வைத்தால் 'எரி' என்பது 'ஏரி' ஆகிவிடும். உகரம் சேர்வதும் காலடியில்தான்: பு, சு, யு, வு எல்லாவற்றிலும் வலப்பக்கக் காலிலிருந்து ஒரு கோடு கீழே இறங்குகிறது. அங்கே பட்டையும் வைத்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும்.

மேல் முனையில் வைக்கலாமா என்று கேட்டால், ப, ட போன்றவற்றின் தலையில் சின்னப் பட்டை வைப்பதால் குழப்பம் வராது. பலகை எழுதும் பெயிண்டர்கள் தூரிகையை அழுத்தி எடுக்கும்போது அங்கே தானாகவே ஒரு சதுர முனை விழும், அது பார்க்கவும் நன்றாக இருக்கும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆங்கில ஸ்லாப்பிலிருந்து தமிழ் வாங்கிக்கொள்ள வேண்டியது கனத்தையும், வெட்டினது போன்ற முனையையும். காலை வாங்கக் கூடாது.

தடிப்பிலும் ஓர் எல்லை உண்டு. ண, ஞ, ஐ, இ, ஷ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆங்கில ஸ்லாப்பின் அளவுக்கே தமிழையும் தடிக்க வைத்தால் ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ன எது, ண எது என்று தெரியாது. ஆங்கிலத்தை விட ஒரு துளி மெல்லியதாகத் தமிழ்க் கோட்டை வைத்து, எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். கண்ணுக்கு இரண்டும் சம கனமாகத் தெரியும்.

அப்படியானால் ஆங்கில ஸ்லாப்புக்குப் பக்கத்தில் எந்தத் தமிழ் எழுத்துருவைப் போடலாம்?

இலவசமாகக் கிடைப்பவற்றில் நான் முதலில் பார்ப்பது அனேக் தமிழ். கனம் மட்டுமில்லாமல் அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், நீளமான தமிழ்ப் பெயரை நசுக்காமல் ஒரு வரியில் அடக்க முடிகிறது. முக்த மலர் எக்ஸ்ட்ரா போல்டும் நிதானமான நல்ல எழுத்து. பலூ தம்பி கனமாக இருக்கும், ஆனால் முனையெல்லாம் உருண்டை. மிட்டாய்க் கடைக்கும் குழந்தைத் துணிக்கும் சரி, மூலை நேராக நிற்கும் ஸ்லாப்போடு சேராது. கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டிலும் ஒன்பது கனங்கள் உண்டு. கிளாரெண்டன் மாதிரி தடிப்பும் மெலிவும் உள்ள ஸ்லாப்பை எடுத்தால் நோட்டோ செரிஃப் தமிழின் கனத்த ரகத்தை வைத்துப் பாருங்கள், கோட்டின் போக்கு ஒத்துவரும்.

பலகையில் தமிழ் எவ்வளவு, ஆங்கிலம் எவ்வளவு இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைக்கு விதி இருக்கிறது. தமிழ் மேலே வர வேண்டும், மற்ற மொழிகள் அதன் கீழே, தமிழுக்குத்தான் அதிக இடம். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்ற வரிசையில் 5:3:2 என்பது அலுவலர்கள் சொல்லும் அளவு.

கணக்கு போட்டுப் பார்ப்போம். பலகை நாலு அடி உயரம் என்று வையுங்கள், 48 அங்குலம். மேலும் கீழும் நாலு நாலு அங்குலம் ஓரம் விட்டால் 40 மிஞ்சும். தமிழுக்கு 20, ஆங்கிலத்துக்கு 12, பிற மொழிக்கு 8. தமிழுக்கு 20 கிடைத்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. தமிழில் மேலே 'ி', 'ீ' விசிறியும் கீழே உகர வாலும் உண்டு. அவற்றுக்கு இடம் விட்டால் எழுத்தின் உடம்புக்கு 11, 12 அங்குலம்தான் கிடைக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் எதுவும் நீளாது. 12 அங்குலப் பட்டையில் ஒன்பது அங்குல எழுத்து தாராளமாக நிற்கும். அந்த ஒன்பது அங்குலமும் தடித்த ஸ்லாப்பாக இருந்து, மேலே உள்ள தமிழ் மெல்லிய எழுத்தாக இருந்தால், அளவு விதிப்படி சரியாக இருந்தும் கண்ணுக்கு ஆங்கிலப் பலகையாகத்தான் தெரியும். ஊரில் பாதிப் பலகைகள் இப்படித்தான் இருக்கின்றன. தமிழை முதலில் முடிவு செய்து, அதன் கனத்துக்கு ஏற்ற ஸ்லாப்பை அப்புறம் தேடுங்கள்.

சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள், ஓட்டல்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளோடு வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதால் பலகையில் இந்தியும் வங்காளியும் உண்டு. இரண்டு எழுத்துக்கும் தலையில் ஒரு நீளமான கோடு ஓடும். அதற்கு நேர் மேலே ஸ்லாப்பின் பட்டைக்கால் வரிசையாக வந்தால், கோட்டுக்கு மேல் கோடாகி இரண்டு வரியும் ஒட்டிக்கொண்ட மாதிரி தெரியும். நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள். இடம் இல்லையென்றால் அந்தப் பலகையில் ஸ்லாப்பை விட்டுவிட்டு, கால் இல்லாத எழுத்துக்குப் போய்விடுங்கள். உடம்பு சரியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு காட்பாடியில் ரயில் இறங்கி, ஊர் தெரியாமல் அறை தேடுகிறவர் ஒரு பார்வையில் படிக்க வேண்டும். அங்கே அவர் வசதிதான் முக்கியம்.

எத்தனை அங்குல எழுத்து எவ்வளவு தூரம் தெரியும்?

பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் அளவு, ஓர் அங்குல உயரத்துக்குப் பத்து அடி தூரம் வசதியாகப் படிக்கலாம் என்பது. ஒன்பது அங்குலம் என்றால் 90 அடி. லாங் பஜார் மாதிரி நடந்து போகிற தெருவுக்கு இது போதும். பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்த்த கடை என்றால், வண்டி ஓட்டுகிறவர் படிக்க வேண்டும், இரண்டு மடங்காவது வையுங்கள்.

ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்தால் எழுத்து வேறு மாதிரி வந்துவிடுகிறது. என்ன நடக்கிறது?

பெரும்பாலும் மூன்று காரியம் நடந்திருக்கும்.

ஒன்று, இழுப்பது. பெயர் சின்னது, பலகை நீளம். எழுத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் இழுத்தால் தண்டு மட்டும் தடிக்கும், பட்டைக்காலின் கனம் அப்படியே இருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருப்பதுதான் ஸ்லாப்பின் உயிர். அது போய்விட்டால் மிஞ்சுவது வேறு எழுத்து. இடம் மிச்சம் இருந்தால் எழுத்துக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, 'போல்டு' பொத்தான். ஆல்ஃபா ஸ்லாப் ஒன், சங்க் ஃபைவ் போன்ற ஸ்லாப் எழுத்துருக்களில் ஒரே ஒரு கனம்தான் உண்டு, ஏற்கெனவே முழுத் தடிப்பு. அதன் மேல் போல்டை அழுத்தினால் கணினி சுற்றிலும் ஒரு கோடு சேர்த்து ஊதவைக்கும். வயிற்றுத் துளை அடைபடும்.

மூன்று, ஓரக்கோடும் நிழலும். சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், கறுப்பு நிழல் என்று மூன்றையும் போட்டால், பட்டைக்கால்கள் பக்கத்து எழுத்தின் நிழலில் புதைந்துபோகும். வெறும் எழுத்தாகவே தூரத்தில் தெரியட்டும் என்றுதானே இதைச் செய்தார்கள்? நல்ல பின்னணி நிறம் ஒன்று, எழுத்துக்கு ஒரு நிறம், போதும்.

எல்இடி போட்ட எழுத்துப் பெட்டிக்கு ஸ்லாப் சரியாக வருமா?

நன்றாகவே வரும். கோடு அகலம் என்பதால் உள்ளே விளக்கு மாட்ட இடம் இருக்கிறது, கால் அகலமாக இருப்பதால் பலகையில் பிடிமானமும் கிடைக்கிறது. ஆனால் இரவில் ஒளி ஓரத்தைத் தாண்டிப் பரவும், கோடு இன்னும் தடித்துத் தெரியும். பகலில் பிடித்த கனத்தை விட ஒரு படி குறைத்து எடுங்கள். தமிழ் எழுத்துக்கு இது இன்னும் கட்டாயம்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி எப்படி வைப்பது?

பெரிய அளவில் நெருக்கி வைத்தால்தான் ஸ்லாப் ஒரே கட்டாக நிற்கும். ஆனால் 'ஆர்', 'ஏ', 'கே' போன்ற எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் கால்கள் மோதும். அங்கே கையால் சரிசெய்ய வேண்டும். அளவு குறையக் குறைய இடைவெளியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். தோல், சாக்கு இரண்டுக்கும் மேலே சொன்னபடி தாராளம் வேண்டும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை வியாபாரத்துக்குப் போடலாமா?

ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருவதைத் தாராளமாகப் போடலாம்: பலகை, பை, லோகோ எல்லாவற்றுக்கும். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. ஆல்ஃபா ஸ்லாப் ஒன், பெவன், ஸில்லா ஸ்லாப், ஆர்வோ எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. 1930களில் ஹைன்ரிஷ் யோஸ்ட் வரைந்த பெட்டான் என்ற எழுத்தை வெர்னன் ஆடம்ஸ் கணினிக்காகத் திருத்தி எழுதியதுதான் பெவன். அரிசிப் பைக்கு எனக்குப் பிடித்தது. 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருக்கும் எழுத்துருவைக் கடைக்குப் போடாதீர்கள். வரைந்தவர் உழைப்பு அது.

தமிழ் எழுத்துருவைப் போட்டால் கொம்பு இடம் மாறிவிடுகிறது. என்ன செய்வது?

பழைய கோரல்டிரா பதிப்புகளுக்கு யூனிகோடு தமிழை ஒழுங்காக அடுக்கத் தெரியாது. 'கொ' என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால்தான் பல கடைகள் இன்னும் பழைய குறிமுறை எழுத்துருக்களையே பிடித்துக்கொண்டிருக்கின்றன; புதிதாக வந்த நல்ல கனத்த தமிழ் எழுத்துகள் அவர்களுக்கு எட்டாமலே போகின்றன. போட்டோஷாப்பில் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். இங்க்ஸ்கேப் இலவசம், அதில் தமிழ் ஒழுங்காகவே வரும். அங்கே பெயரை அமைத்து, கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப்பாக ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொடுங்கள். மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. மாற்றும் முன்பே ஒற்று, ன-ண, ர-ற எல்லாவற்றையும் வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றாத மூலக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கிளை திறந்தால் வேண்டியிருக்கும்.